இரவல் கையெழுத்தில் அனுபவம் சேராது

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என் ஊர். 1991-இல் பிறந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. 2008 முதல் என் சித்தப்பாவிடம் வயரிங் வேலை கற்றுக்கொண்டு அவருடனேயே இருந்தேன். அவர் பெயரில் காண்ட்ராக்டர் லைசென்ஸ் இருந்தது. 2015-இல் உடல்நிலை காரணமாகத் தொழிலை விட்டுவிட்டுத் தேவகோட்டையில் மகள் வீட்டோடு இருக்கிறார். நான் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, 2018 முதல் ஊரில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறேன். பெரும்பாலும் செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு மறுவயரிங் வேலைதான். வேலை முடிந்ததும் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கையெழுத்துக்கு இவ்வளவு என்று பணம். இப்போது கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் வேலை என்று உரிமையாளர் சொல்கிறார். நான் சொந்த லைசென்ஸ் எடுக்க என்ன வழி? கையெழுத்துப் போடுபவர், ‘2018-இலிருந்து என்னிடம்தான் வேலை பார்த்தாய் என்று அனுபவச் சான்று தருகிறேன்’ என்று ஒரு தொகை கேட்கிறார். வாங்கலாமா? என் மைத்துனர் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து ஒரு நூற்பாலையில் இருக்கிறார். அவர் பெயரைப் போட்டு விண்ணப்பிக்க முடியுமா?

பதில்:

அந்தச் சான்றை வாங்காதீர்கள், தம்பி. அது தவறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு அது தேவையே இல்லை. கணக்கில் வரக்கூடிய அனுபவம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது தேவகோட்டையில், உங்கள் சித்தப்பாவின் பழைய பெட்டிக்குள் இருக்கிறது.

முதலில் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பார்த்துவிடுவோம். பல்பு மாற்றுவது, மின்விசிறி மாற்றுவது, ஃபியூஸ் போடுவது, பழுதான சுவிட்சைக் கழற்றி அதே இடத்தில் புதியதை மாட்டுவது ஆகிய வேலைகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. வீட்டின் மின் அமைப்பை எந்த வகையிலும் மாற்றாத வேலைகள் அவை. அதற்கு மேலே போனால், புதிய இணைப்போ, கூடுதல் பாயிண்டோ, மறுவயரிங்கோ எதுவானாலும் மாநில அரசின் லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று வைத்திருக்கும் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் வேலை நடக்க வேண்டும். கையால் வேலை செய்கிறவரிடமும் அதற்குரிய அனுமதி இருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதியாக இருந்த இந்த ஏற்பாடு, மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது.

இந்த மூன்றையும் உங்கள் 2018-க்குப் பிந்தைய ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். வேலை எடுத்தது நீங்கள். முன்பணம் வாங்கியது நீங்கள். வயர் வாங்கிய பில் உங்கள் பெயரில் இருக்கும். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு முகப்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் கைத்திறனை நான் ஐயப்படவில்லை. பழைய வீட்டு மறுவயரிங்கைத் தொடர்ந்து எடுத்துச் செய்கிறவருக்குத் தொழில் தெரியாமல் இருக்காது. ஆனால் உரிமம் வழங்கும் வாரியம் உங்களுக்கு வேலை தெரியுமா என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. யாருடைய பொறுப்பில் செய்தீர்கள் என்றும் கேட்கும். அந்தக் கேள்விக்கு இந்த ஆண்டுகளில் நேர்மையான விடை இல்லை.

விலைக்கு வாங்கும் சான்று எப்படி உடையும் என்று உங்களுக்கே தெரியும், யோசித்துப் பாருங்கள். அவரிடம் வேலை பார்த்தீர்கள் என்றால் சம்பளம் எங்கே? வங்கிக் கணக்கிலா, வவுச்சரிலா? அவருடைய பணியாளர் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை? வீட்டு உரிமையாளர்கள் உங்கள் கைபேசி எண்ணுக்கு நேரடியாகப் பணம் அனுப்பிய பதிவுகள் மட்டும் எப்படி வந்தன? ஒரு புகார் கிளம்பினால் போதும், அவர் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டும் அவர் கொடுத்த அனுபவச் சான்றும் ஒன்றையொன்று பொய்யாக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீங்கள் வயரிங் செய்த வீட்டில் நாளை யாருக்காவது மின்சாரம் தாக்கி உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர் உங்களைக் காட்டுவார், நீங்கள் அவரைக் காட்டுவீர்கள். இப்போது பணம் கொடுத்துச் சான்று வாங்கினால், அவரிடமிருந்து எந்நாளும் விடுபட முடியாதபடி உங்களை நீங்களே கட்டிப்போடுகிறீர்கள்.

இனி தேவகோட்டைக்கு வருவோம். 2008-இல் உங்களுக்குப் பதினேழு வயது. பதினெட்டு நிறைவதற்கு முந்தைய காலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்து எழுதினால் சித்தப்பாவுக்குத்தான் சங்கடம். 2009-இல் உங்கள் பிறந்தநாளிலிருந்து 2015 வரை எண்ணினாலே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரிடம், அவர் கண் முன்னால் செய்த வேலை அது. உங்கள் முதல் சான்றுக்கு அது போதும்.

அந்த ஆண்டுகளைத் தாளில் கொண்டுவருவதில் நீங்கள் அவசரப்படத்தான் வேண்டும். சித்தப்பாவின் உடல்நிலையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். லைசென்ஸ் புத்தகத்தின் அசலைத் தேடி எடுங்கள். எண்ணும், வழங்கிய தேதியும், ஒவ்வொரு முறை புதுப்பித்த தேதியும் வேண்டும். நடுவில் ஓராண்டு புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆண்டு கணக்கில் வராது. அதை மறைக்காமல் கழித்துவிட்டு மீதியை எழுதச் சொல்லுங்கள். அவருடைய லைசென்ஸில் சூப்பர்வைசராகவோ வயர்மேனாகவோ யார் பெயர் இருந்தது என்று கேளுங்கள். அந்த ஆள் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா உறவினர் என்பதால் அவர் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஒரு புருவம் உயரும். வெளியாள் ஒருவர் சொல்வதும் சேர்ந்திருந்தால் அது அடங்கிவிடும்.

சான்றில் என்ன எழுதுவது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ‘இவர் என்னிடம் ஆறு ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்தார், நல்லவர், நாணயமானவர்’ என்று எழுதி ஒரு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். நாணயம் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஊரில் எந்தக் கட்டடம், ஒரு முனையா மும்முனையா, எவ்வளவு லோடு, அதில் உங்கள் கை எதுவரை போனது என்று எழுத வேண்டும்.

இந்த இடத்தில் செட்டிநாட்டு வயரிங்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது பலருக்குப் புரிவதில்லை. புதிய கான்கிரீட் வீட்டில் பைப்புக்குள் வயர் இழுத்தவர் நூறு பேர் உண்டு. ஒரு பழைய வளவு வீட்டை முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை மறுவயரிங் செய்தவருக்குச் சொல்வதற்கு விஷயம் இருக்கும். சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் ரப்பர் உறை வயரைத் தகரக் கிளிப்பால் பிடித்திருப்பார்கள். மேலே துணிப்பின்னல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுவிட்சைக் கழற்றி வயரை மடக்கினால் உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். எர்த் வயர் என்பதே பல கட்டுகளில் இருக்காது. பீங்கான் ஃபியூஸ் கட்டையில் எவனோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருப்பான். சுண்ணாம்புப் பூச்சில் உளி வைக்க ஆச்சி விட மாட்டார்கள். விடவும் கூடாது, அந்த வழவழப்பை மீண்டும் பூசிக் கொண்டுவரும் கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தோண்டவும் முடியாது. ஆக, மேற்பரப்பிலேயே கண்ணை உறுத்தாமல் கண்ட்யூட் குழாய் ஓட்டி, கட்டுக்குக் கட்டு தனி டி.பி. (மின்பகிர்வுப் பெட்டி) வைத்து, ஏ.சி.க்கும் மோட்டாருக்கும் தனி சர்க்யூட் பிரித்து, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியிருப்பீர்கள்.

எர்த்துக்கு நம் பக்கத்துச் செம்பாறையும் சரளையும் எவ்வளவு தொல்லை தரும் என்பது சென்னைக்காரருக்குத் தெரியாது. 2.5 மீட்டர் குழாயை இறக்குவதற்குள் கடப்பாரை மழுங்கிவிடும். இறக்கியபின்பும் வறண்ட சரளையில் எர்த்தின் தடை அளவு இறங்காது. இரண்டாவது குழி எடுத்து, இடைவெளி விட்டு, இரண்டையும் இணைத்து, கோடைக்காலத்தில் மீண்டும் அளந்து பார்த்தவர் அனுபவஸ்தர். சித்தப்பா காலத்தில் இப்படி ஒரு வீட்டைச் செய்திருந்தால், சான்றில் அந்த ஒரு வீட்டைப் பற்றி நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ‘பல வீடுகளில் வேலை செய்தார்’ என்ற ஒரு பக்கத்தைவிட அந்த நான்கு வரி பேசும். அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். வெளியூரில் இருந்தால் கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வரும்போது பிடித்துவிடலாம். பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீடென்றால் யாராவது ஒருவர் எழுதினால் போதும். எல்லாப் பங்கிலும் கையெழுத்து வாங்கப் புறப்பட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூர் ஆண்டுகளுக்குக் கம்பெனி கொடுத்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். கப்பல் பட்டறை வேலையைக் கட்டட வயரிங் என்று நீட்டி எழுத வேண்டாம். அது இல்லாமலே உங்கள் கணக்கு நிறைகிறது.

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நீங்கள் போக வேண்டிய முதல் இடம் காண்ட்ராக்டர் லைசென்ஸ் இல்லை. மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு. தொழிலில் ‘எச் சர்டிபிகேட்’ என்பார்களே, அதற்கான தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வரும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்தியாக நாளிதழில் ஒரு மூலையில் வரும், பலர் தவறவிடுவார்கள். அமராவதிபுதூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஒருமுறை நேரில் போய், அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டுவிட்டு வாருங்கள். ‘உதவியாளரா, நான் ஆள் வைத்து வேலை வாங்குகிறவனாயிற்றே’ என்று மனம் சுருங்கும். சுருங்கட்டும். சொந்தப் பெயரில் அரசு கொடுத்த ஒரு தாள் கையில் இருப்பது வேறு விஷயம்.

அதற்கடுத்து வயர்மேன் சான்று, அதாவது ‘பி சர்டிபிகேட்’. அதற்கு நேர்வழி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவு. இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு. குடும்பத்தை வைத்துக்கொண்டு பகலில் வகுப்பில் உட்கார முடியாது என்பீர்கள். அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. அதற்கும் பணி அனுபவம்தான் வாசல். பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை பார்த்ததைக் காட்ட வேண்டும். அதனால்தான் இன்றிலிருந்து நீங்கள் வைக்கும் ஒவ்வொரு தாளும் முக்கியமாகிறது. ஐ.டி.ஐ. அலுவலகத்திலேயே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காண்ட்ராக்டர் லைசென்ஸ் என்பது வேறு வகை. சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் அதைக் கொடுக்கிறது. இ.எஸ்.ஏ., இ.ஏ., இ.எஸ்.பி., இ.பி. என்று தரங்கள் உண்டு. வீட்டு வயரிங்குக்கு நீங்கள் மேல் தரங்களை நினைத்து மலைக்க வேண்டாம். அங்கே ஒரு தனி ஆளின் திறமையை மட்டும் பார்ப்பதில்லை, ஒரு தொழிலகத்தைப் பார்க்கிறார்கள். தகுதிச் சான்று உள்ள ஆட்கள் முழுநேரமாக இருக்கிறார்களா, வயரின் காப்புத்தடையை அளக்கும் மெக்கரும் எர்த் டெஸ்டரும் சொந்தமாக இருக்கின்றனவா, பொறுப்பேற்கும் அளவுக்குப் பண வசதி இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கு. ஆக, உங்கள் சொந்தச் சான்றுகள் முழுமையடையும் முன்பே, சூப்பர்வைசர் சான்று உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் தொழில் நடத்த முடியுமா என்று பார்க்கலாம். அதற்கு உங்கள் வேலை வரத்து இடம் கொடுக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாதம் ஒரு வீடு என்றால் கட்டுப்படியாகாது.

மைத்துனர் விஷயத்தில் நீங்கள் நினைப்பது நடக்காது. டிப்ளமா வேறு, சூப்பர்வைசர் தகுதிச் சான்று வேறு. அவர் தன் பெயரில், தன் அனுபவத்தைக் காட்டி, வாரியத்தில் விண்ணப்பித்து அந்தச் சான்றைப் பெற வேண்டும். நூற்பாலை மின்பிரிவில் இருக்கிறவருக்கு அது கைக்கெட்டும் தூரம்தான், உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆனால் சான்று வந்தபிறகும் அவர் ஆலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டு உங்கள் லைசென்ஸில் முழுநேரப் பணியாளராக இருக்க முடியாது. அது உங்கள் பழைய கையெழுத்துக்காரர் கதைதான். உறவுக்குள் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஆலையை விட்டு வருகிறாரா, வந்தால் உங்களால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று இரு குடும்பமும் உட்கார்ந்து பேசுங்கள். தங்கையோ அக்காவோ நடுவில் இருக்கிறார் என்பதால் கணக்கைத் தாளில் போட்டுப் பேசுவது நல்லது.

கானாடுகாத்தான் வேலையை விட வேண்டாம். அதை நீங்கள் தனியாக எடுக்கவும் வேண்டாம். விடுதி என்றால் லோடு பெரியது, ராத்திரி அந்நியர்கள் தூங்கும் இடம், மேலே முழுக்க பர்மா தேக்கு. உரிமையாளர் லைசென்ஸ் கேட்பது நியாயமான பயம். நேரில் வந்து நின்று வேலை பார்க்கும் ஒரு காண்ட்ராக்டரைக் காரைக்குடியிலோ மதுரையிலோ தேடிப் பிடியுங்கள். பழைய வீட்டு வேலை தெரிந்த ஆள் அவருக்கும் தேவைப்படும். உங்களுக்குப் பேரம் பேச இடம் உண்டு. கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று மூன்றைக் கேளுங்கள்: அவருடைய பணியாளர் பட்டியலில் உங்கள் பெயர், வங்கி வழியாகச் சம்பளம், வேலை முடிந்ததும் அந்த வேலையைப் பற்றிய சான்று.

சோதனை நடக்கும் நாளில் நீங்கள் கட்டாயம் கூடவே நில்லுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 500 வோல்ட் மெக்கர் போட்டு ஒரு நிமிடம் பிடித்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று பார்த்து, அந்த எண்ணை உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் ஏதாவது ஒரு கட்டு குறைத்துக் காட்டும். பெரும்பாலும் மழைநீர் இறங்கும் முற்றத்துத் தாழ்வாரப் பக்கமாகத்தான் இருக்கும். எங்கே கசிந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சரிசெய்தபின் எவ்வளவு காட்டியது என்பதையும் தேதியோடு எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுபவரிடம் சண்டை வேண்டாம். சான்று வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, இனி அவர் நேரில் வராத வேலைக்கு அவரிடம் போகாதீர்கள். கையில் பாதியில் நிற்கும் வீடு ஏதாவது இருந்தால், அதற்கு மின்வாரியத்தில் ரிப்போர்ட் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அவரையே வண்டி வைத்து அழைத்துப்போய் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். வர மறுத்தால், வருகிற வேறொருவரைப் பாருங்கள்.